இடது கைத் தூண்டில்

ஸ்டெல்லா கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. கம்பெனியில் உன்னை இரண்டு வருஷத்துக்கு டெக்சாஸுக்கு அனுப்புகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாய். அந்த ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஏரி, உன்னோடு வேலை செய்யப்போகிறவர்கள் சனி ஞாயிறானால் பாஸ் மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள் என்றாய். அதுவரை நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். பிறகு நீ கொஞ்சம் நிறுத்தி, "அம்மா, அப்பாவோட தூண்டில் ராடுல ஏதாவது ஒண்ணு எடுத்துட்டுப் போகட்டுமா? எது நல்லதுன்னு நீயே பாத்து வை. நான் தொடறது அவருக்குப் பிடிக்காதுதான். இருந்தாலும் ஒண்ணு வேணும்போல இருக்கு" என்றாய். அதனால்தான் பால்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதை அப்பா இறந்த இந்த ஒன்பது வருஷத்தில் தெரிந்துகொண்டுவிட்டேன். எழுதினால் நடுவில் எழுந்து சமையலறைக்குப் போனாலும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதனால் எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கேட்காதது அதற்குள்ளேயே வந்துவிடும்.

மறுநாளே உன் அப்பாவின் சாமான்களையெல்லாம் இறக்கி ஹாலில் பரப்பினேன். நாலு ராடு, நூல் சுற்றுகிற நாலு ரீல், ஒரு இரும்புப் பெட்டி. எனக்கு இவற்றில் என்ன தெரியும்? மீனைக் கழுவத் தெரியும், குழம்பு வைக்கத் தெரியும். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே சிவப்பும் பச்சையுமான பிசின். அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ரப்பர் புழுக்களும் ரப்பர் தவளைகளும் வெயில் காலங்களில் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, பிளாஸ்டிக் தட்டையும் சேர்த்துக் கரைத்துவிட்டிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் எல்லாமே வந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் ரஹீம் பாய்க்குப் போன் செய்தேன். உனக்கு அவரை நினைவிருக்கும். அப்பாவோடு அதே தொழிற்சாலையில் லேத்தில் நின்றவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் மொபெட்டுக்குப் பின்னால் தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு கல்கெரெ ஏரிக்கு வருவாரே, அவர்தான். இப்போது முட்டி வலி, கையில் கைத்தடி. ஆனாலும் ஃபிரேசர் டவுனிலிருந்து ஆட்டோ பிடித்து அன்று சாயங்காலமே வந்துவிட்டார்.

தரையில் உட்கார முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு ராடாக எடுத்துத் தரச் சொன்னார். முதலில் அந்த ஏழடி ராடு. கனமானது. கையில் வாங்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "இது தாமரைக் கொடிக்குள்ள இருந்து விராலை இழுக்கறதுக்கு அண்ணி. தவளைய மேல போட்டு இழுக்கணும். தடியாட்டம் இருக்கணும், இல்லன்னா கொடியோட போயிடும். பாப்பாவுக்கு நக்கோ. ரெண்டா கழட்டவும் வராது, பிளேன்ல எப்டி எடுத்துட்டுப் போகும்?" என்று ஓரமாக வைத்தார். அதோடு வந்த உருளை ரீலையும் வேண்டாம் என்றார். கட்டைவிரலால் நூலை அடக்கிப் பிடிக்கப் பழகாதவர்கள் வீசினால் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளுமாம். அடுத்த இரண்டு ராடுகளுக்கு என்னிடம் பஞ்சு கேட்டார். காயத்துக்கு வைக்கிற பஞ்சுதான். அதைச் சின்னதாகக் கிள்ளி, நூல் போகிற ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்தார். இரண்டு ராடிலுமே ஏதாவது ஒரு வளையத்தில் பஞ்சு மாட்டியது. "பாத்தீங்களா, கண்ணுக்குத் தெரியாத கீறல். நூலு இதுல உரசி உரசி, பெரிய மீனு இழுக்கறப்ப பட்டுன்னு போயிடும். புது ராடு வாங்கினாலும் பாப்பாவ பஞ்சு போட்டுப் பாக்கச் சொல்லுங்க." நீ அங்கே எதை வாங்கினாலும் இதைச் செய்.

நாலாவது ராடு பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அதை நான் கடைசியாகத்தான் கொடுத்தேன். கொடுக்காமலே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாய் கயிற்றை அவிழ்த்தார். ஆறடி, இரண்டாகக் கழற்றுவது, மெல்லியது. பிடியின் கார்க்கில் கை பட்ட அழுக்கே இல்லை. இரண்டு துண்டையும் சேர்த்து, நுனியைத் தரையில் லேசாக ஊன்றிப் பார்த்தார். நுனி மட்டும் வளைந்தது, அடி அசையவில்லை. "இதுதான் அண்ணி. ரப்பர் புழுவுக்கு இதுதான். மீனு மூக்கால தொட்டாக்கூட கைக்குத் தெரியும்" என்றார். பிறகு ரீலைத் திருப்பினார். கைப்பிடியை விரலால் தொட்டுக் காட்டினார். மற்ற ரீல்களிலெல்லாம் சுற்றுகிற கைப்பிடி இடது பக்கம் இருந்தது. இதில் மட்டும் வலது பக்கம். "அண்ணன் கழட்டி மாத்தி வெச்சிருக்காரு. இது பாப்பாவோடது" என்றார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

இனி பழைய கதைக்கு வர வேண்டும். நீ இடது கைக்காரி. உனக்கு ஐந்து வயது ஆனபோது, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே, என் வகுப்பிலேயே உன்னைச் சேர்த்தேன். இடது கையில் நீ பென்சிலைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பிடுங்கி வலது கையில் வைத்தேன். கேட்காதபோது ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்தேன். டீச்சர் மகள் இடது கையால் எழுதினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எனக்குப் பயம். அந்த வருஷ முடிவில் நீ வலது கையால் அழகாக எழுதினாய், ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதை விட்டுவிட்டாய். மற்ற எல்லாவற்றுக்கும் உன் இடது கைதான் முந்தியது. தலை சீவ, மாங்காய்க்குக் கல் வீச, எல்லாவற்றுக்கும். தொண்ணூற்றொன்றில், உனக்கு ஒன்பது வயதில், அப்பா உன்னை முதல் முதலாக ஏரிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவர், "இடது கையால என்னமா வீசுறா தெரியுமா! சொன்ன எடத்துல போய் விழுது" என்று என்னிடம் சொன்னார். நான் அரிசி களைந்துகொண்டே இருந்தேன்.

அப்புறம் நாலு வருஷம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் போய்விடுவீர்கள். அந்த நாட்களில் நீ இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். உன் கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறிய நாளில்கூட நீ அழவில்லை. கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் முள்ளின் எதிர்ச்செதிலை அப்பா முன்பே குறட்டால் நசுக்கி வைத்திருந்ததால் ஏறிய வழியிலேயே வழுக்கி வந்துவிட்டது. அழுதது நான்தான், அழுததைவிடக் கத்தியது அதிகம். நீ அழுது நான் பார்த்தது வேறொரு நாள். உனக்குப் பன்னிரண்டு வயது. பெரிய விரால் ஒன்று கடித்துவிட்டுப் போய்விட்டது என்று, வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாய். அப்பாதான் விளக்கினார். நீ இடது கையால் வீசுகிறாய், ரீலின் கைப்பிடியும் இடது பக்கமே இருக்கிறது. வீசிய பிறகு ராடை வலது கைக்கு மாற்றிக்கொண்டுதான் உன்னால் சுற்ற முடியும். அந்த மாற்றுகிற நேரத்தில் நூல் தளர்ந்துவிடுகிறது, மீன் உதறிவிட்டுப் போகிறது. "தப்பு அவளோடது இல்ல, சாமானோடது" என்றார். அவருடைய ரீல்களில் கைப்பிடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, பக்கம் மாற்ற வரவில்லை. அன்றே மஸ்கட்டில் இருந்த உன் மாமாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். ராடு எத்தனை அடி, ரீல் எந்த அளவு, கைப்பிடி கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று படம் போட்டு எழுதினார்.

மாமா லீவில் வருவதற்கு முன்னால் நீ பெரியவளானாய். அதற்கப்புறம்தான் நான் இதைச் செய்தேன்.

சபையில் ஒரு அம்மா, பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை, கோயில் வாசலில் என்னை நிறுத்தி, "வயசுக்கு வந்த பொண்ணைக் கல்கெரெ மேட்டுல ஆம்பளைங்களோட உக்கார வெக்கிறீங்களே டீச்சர், நீங்களே இப்டி செஞ்சா நாங்க யாருக்குச் சொல்றது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குக் காது சுட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், இனிமேல் அவளைக் கூட்டிப்போக வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். காரணம் சொன்னேன். "அவ என்ன தப்பு செஞ்சா?" என்றார். தப்பு இல்லை, ஆனால் வேண்டாம் என்றேன். அவர் சத்தம் போடத் தெரியாத மனுஷன். எதையும் சாப்பிடாமல் எழுந்து போய் வெளியில் நின்றார். நான் பின்னால் போய் இன்னொன்றும் கேட்டேன். இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் பதினொரு வருஷம் வைத்திருந்தேன். "நான் வேணாம்னு சொன்னா அவ என்னை வெறுத்துருவா. ஸ்கேலால அடிச்சதையே அவ இன்னும் மறக்கல. நீங்களே வேணாம்னுட்டீங்கன்னு சொல்லிடறேன். உங்க மேல கோவப்பட்டா நாலு நாள்ல சரியாயிடும்" என்றேன்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அவர் முன்னாலேயே உன்னிடம் நான் சொன்னேன்: "இனிமே நீ வர வேணாமாம். பெரிய பொண்ணாயிட்டே, கூட வந்தா மத்தவங்க ஒரு மாதிரி பாக்கறாங்க, அப்பாவுக்குச் சங்கடமா இருக்காம்." நீ என்னைப் பார்க்கவே இல்லை. அவரைப் பார்த்தாய். "நிஜமாப்பா?" என்று கேட்டாய். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மொபெட் கிளம்பவில்லை. உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டே போனார். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாளில் சரியாகவில்லை. நீ என் மகள், உனக்குப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கொண்டுவந்த மீனைத் தொடமாட்டேன் என்றாய். அவர் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்வாய். ஆனால் என்னோடு நெருங்கி வந்தாய். பள்ளிக்கூடக் கதையெல்லாம் என்னிடம் சொன்னாய், தலை பின்னிவிடச் சொன்னாய், ராத்திரி என் பக்கத்தில் படுத்தாய். நான் சந்தோஷப்பட்டேன், ஸ்டெல்லா. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்த ஒவ்வொரு முறையும், உன் தலை என் தோளில் இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து உன் மாமா லீவில் வந்து அந்த ராடைக் கொடுத்தார். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அப்பா பிரித்து, சேர்த்து, பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது ஒண்ணையாவது கொடுக்கலாமா?" என்றார். கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்து, "இப்போ வேணாங்க" என்றேன். செய்தித்தாளில் சுற்றி அவரே கயிறு கட்டினார். பரணில் வைத்தது நான்.

அவர் இறந்த நாளைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். அன்றும் ஞாயிற்றுக்கிழமை. ரஹீம் பாய் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கோலார் போயிருந்தார். ஆராதனை முடிந்து வந்து, நீ உள்ளே பாடகர் குழுப் பயிற்சிக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தாய். அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று, தணிந்த குரலில், "இன்னைக்கு பாய் வரல. தனியாத்தான் போறேன். பாப்பாவை அனுப்பேன். மத்தியானத்துக்குள்ள வந்துடறோம்" என்றார். ரெண்டு வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒருமுறைதான். நான் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே, "தனியா போக முடியலன்னா போகாதீங்க" என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலைக்கு நடுவில் சொல்கிற மாதிரி சொன்னேன். அவர் போனார். பத்தரை மணி வாக்கில் ஏரியில் துணி துவைக்கிற பெண்கள் பார்த்திருக்கிறார்கள். கரையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாராம். தூங்குகிறார் என்று முதலில் நினைத்துவிட்டார்களாம். நெஞ்சு வலி வந்ததும் கூட ஒருத்தர் இருந்து உடனே கூட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் நான் கேட்டேன். "அப்படியெல்லாம் யோசிக்காதீங்கம்மா" என்றார். யோசிக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. உனக்குப் பதினைந்து வயது. ஓடிப்போய் யாரையாவது கூப்பிட உனக்குத் தெரிந்திருக்கும்.

அடக்கத்தன்று நீ அழவில்லை. எல்லாரும் போன பிறகு, "அம்மா, அவர் கடைசி வரைக்கும் என்னைக் கூப்பிடவே இல்ல" என்றாய். அவர் அன்று காலைதான் கூப்பிட்டிருந்தார். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மிச்சம் இருந்தது நீ ஒருத்திதான். சொன்னால் நீயும் போய்விடுவாய் என்று பயந்தேன். உன்னை அணைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீ பி.இ. முடித்தாய், வேலைக்குப் போனாய், எலெக்ட்ரானிக் சிட்டியில் பிஜி விடுதி பார்த்துப் போனாய். நான் சும்மாவே இருந்தேன்.

இந்தத் திங்கட்கிழமை, அந்தச் சின்ன ராடு மடியில் இருக்க, ரஹீம் பாயிடம்தான் முதல் முதலாக இதைச் சொன்னேன். தலை குனிந்துகொண்டே சொல்லி முடித்தேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். அவர் கைத்தடியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "தெரியும் அண்ணி" என்றார்.

"எப்டித் தெரியும்?"

"அண்ணன் சொன்னாரு. அப்பவே சொன்னாரு. நான் சண்டை போட்டேன், நீங்க ஏன் அண்ணா பழிய ஏத்துக்கிறீங்க, பாப்பாகிட்ட நேரா சொல்லுங்கன்னேன். அவரு ஒத்துக்கல. 'இந்த வயசுல பொண்ணுக்கு அம்மா வேணும் பாய். அதுங்க ரெண்டும் இப்பத்தான் ஒண்ணா ஒட்டுது. எம்மேல கோவம் இருந்துட்டுப் போகட்டும், நான் தாங்கிக்குவேன்'னாரு. அதுக்கு மேல நான் பேசல."

பாய் எனக்குத் தண்ணீர் எடுத்து வரப்போனார், நம் வீட்டில், அந்த முட்டியோடு. வந்து உட்கார்ந்த பிறகு அவராகவே சிரிக்க ஆரம்பித்தார். "இன்னொண்ணு சொல்றேன் அண்ணி. அண்ணன் எடது கையால வீசப் பழகினாரு. ரெண்டு வருஷம். வலது கைக்காரருக்கு வருமா? புழு போய் மரத்துல மாட்டும், முள்ளுச் செடில மாட்டும், ஒரு வாட்டி என் லுங்கில மாட்டிச்சி. நான் திட்டுவேன். 'பாப்பா ஒரு நாள் வருவா பாய். எடது கைக்கு எப்டி சொல்லித் தரணும்னு எனக்குத் தெரியணுமில்ல'ம்பாரு. கடைசி கடைசில நல்லாவே வீசினாரு."

சொல்லி முடிக்கும்போது அவர் சிரிக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் கையை மாற்ற ஸ்கேல் எடுத்தவள் நான். நாற்பத்தைந்து வயதில் தன் கையை மாற்றிக்கொள்ளப் பார்த்தவர் அவர். ஒரே வீட்டில்தான் இருந்தோம். எனக்கு எதுவுமே தெரியவில்லை.

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில்: அந்த ஆறடி ராடை எடுத்துக்கொள். உன் பெட்டியில் குறுக்காக வைத்தால் அடங்கும். ரீலிலிருந்த பழைய நூலைப் பாய் உருவிப் போட்டுவிட்டார். நைலான் இத்தனை வருஷத்தில் இற்றுப்போயிருக்கும், புதிது போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். பெட்டியிலிருந்த முட்களில் பாதி துரு. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பாக்கெட் மட்டும் நன்றாக இருக்கிறது. கழுத்தில் இரண்டு வளைவு உள்ள முட்கள் அவை. ரப்பர் புழுவின் தலையில் குத்தி, வெளியே எடுத்து, திருப்பி, முனையை மறுபடியும் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிட வேண்டுமாம். அப்போது பாசியில் மாட்டாது, மீன் கடிக்கும்போதுதான் முனை வெளியே வரும். பாய் எனக்கு ஒரு சுருங்கின பீன்ஸை வைத்துச் செய்து காட்டினார். "பாப்பா போற ஊரு பேருதான் இந்தக் கட்டுக்கே. டெக்சாஸ் கட்டு. பழைய புக்கு கடைல வாங்கின புஸ்தகத்துல அண்ணன்தான் படிச்சிக் காட்டினாரு" என்றார். விராலுக்கு அவர்கள் பயன்படுத்தியது எல்லாமே அங்கே பாஸ் மீனுக்காகச் செய்ததுதானாம். புழுக்களை அங்கேயே புதிதாக வாங்கிக்கொள். கலங்கின தண்ணீருக்குக் கருப்பு, தெளிந்த தண்ணீருக்கு மங்கலான பச்சை என்று பாய் சொல்லச் சொன்னார். விதவிதமான நிறங்களை ஒரே டப்பாவில் போடாதே, வாங்கின கவரிலேயே வை. முள்ளின் எதிர்ச்செதிலை நசுக்கிவிடு. அங்கே பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவார்கள் என்றாயே, அதற்கும் நல்லது, உன் விரலுக்கும் நல்லது.

வேறு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளை உனக்கென்று ஒரு வீடு அமையும். அதில் யாரிடமாவது கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால், உன் வாயால் உன் பேரில் சொல். அவர்கள் உன்மேல் கோபப்படட்டும். அந்தக் கோபத்தை அன்பானவர் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, அவர்களோடு சிரித்துப் பேசுகிற சந்தோஷம் சாப்பாட்டில் கல் மாதிரி. விழுங்கிவிடலாம், ஆனால் பல்லுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். நல்லதுக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிப் பார்த்தேன். நல்லதுக்காக இல்லை. நீ என்னிடம் வர வேண்டும் என்பதற்காக.

மன்னித்துவிடு என்று கேட்டு உன்னை இக்கட்டில் நிறுத்தமாட்டேன். கடல் கடந்து போகிற பிள்ளை அம்மாவோடு முகத்தை முறித்துக்கொண்டு போகக்கூடாது என்று நீ அவசரப்பட்டு ஏதாவது சொல்லிவிடவும் வேண்டாம். கோபப்படு. உனக்கு உரிமை உள்ள கோபம் அது, இத்தனை வருஷம் தப்பான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் உன்னை வேண்டாம் என்று சொன்னதே இல்லை, கண்ணு. ஒரு நாளும் இல்லை. இதை மட்டும் நீ நம்ப வேண்டும். என்னை நம்ப வேண்டாம், பாயைக் கேள்.

இதைத் தபாலில் போடுகிறேன். வியாழக்கிழமைக்குள் உன் பிஜிக்கு வந்துவிடும். நீ சனிக்கிழமை சாமான் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தாய். அந்த ராடை நான் வீட்டில் வைத்திருக்கவில்லை. பாய் வீட்டில் கொடுத்துவிட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கிக்கொள்ள உனக்கு வழி இருக்க வேண்டும் என்றுதான். ஃபிரேசர் டவுனில் அதே பழைய வீடு, மாடிப்படிக்குக் கீழே பச்சைக் கதவு. நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பேன் என்றிருக்கிறார். இடது கையால் வீசுவது எப்படி என்று அப்பா கண்டுபிடித்ததையெல்லாம் அவர் நினைவில் வைத்திருக்கிறார், உனக்குச் சொல்வார்.

அங்கிருந்து காக்ஸ் டவுனுக்கு, நம் வீட்டுக்கு, நடந்தால் இருபது நிமிஷம். வா என்று சொல்லவில்லை. தூரத்தைத்தான் சொன்னேன்.

அம்மா